அஞ்சல் வழி வரும் ஓவியம்

ஊவா மலைநாட்டிலே தெமோதரை என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது அவ்வூரின் புகையிரதப் பாதையே. நிலையத்தை விட்டு நீங்கும் இருப்புப்பாதை குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, அந்நிலையத்துக்கு நேர் கீழாக அமைந்த சுரங்கத்தினுட் புகுந்து மறுபுறம் வெளிப்படுகின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம் 1921 ஆம் ஆண்டில் எழுந்தது. 1924 ஆம் ஆண்டிலே பாதை பதுளையை எட்டியது. அதன்பின் கொழும்பிலிருந்து இரவுத் தபால் வண்டி ஏறி வந்த கடிதப் பைகள் விடியற்காலையில் எங்கள் மலைகளில் இறங்கலாயின. அப்பைகளை எதிர்பார்த்திருந்தவர்கள் கடிதம் பெறுவோர் மட்டுமே என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அப்பைகளை நம்பி ஓர் ஓவியர் வாழ்க்கை நடத்தவும் கூடும் என்பது எனக்கு மிகவும் பிந்தியே புரிந்தது. அது புரிந்த வகையையும், அம்முயற்சியின் இயல்பையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி, தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாயின் மகள், சித்திரத்திலே மிக்க திறமை உடையவள். உயர்தரப் பரீட்சை எழுதிய பின்னர் ஓவியக் கல்விக்கு விண்ணப்பித்தாள். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் அவள் கைக்கு வந்து சேர்ந்தபோது, குறித்த நாள் கடந்து நான்கு நாட்களாகிவிட்டன. தோட்டங்களில் வாழ்வோருக்கு இது புதுமையான செய்தி அன்று. லயத்துக் காம்பராக்கள் பலவற்றுக்குத் தனி இலக்கமும் முகவரியும் கிடையா. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்கள் ஓரிடத்திலே சேர்ந்து, கைமாறிக் கைமாறி உரியவரை அடைவதே நெடுநாள் வழக்கம். அவ்வழியிலே பிந்திய கடிதங்களால் வேலையை இழந்தவரும் கல்வியை இழந்தவரும் பலர்.

அவள் என்னிடம் வந்து, “சேர், படம் வரைந்து பிழைக்க முடியுமா?” என்று கேட்டாள். நான், “முடியாது, அம்மா. ஆசிரியத் தொழிலுக்கு முயற்சி செய். ஓய்வு நேரத்தில் வரையலாம்” என்று விடையிறுத்தேன். நல்லெண்ணத்தோடு கூறிய விடைதான். ஆயினும் அது ஆராயாது கூறிய விடை. பின்னர் அவள் கொழும்பிலே துணிக்கடையொன்றில் இரண்டாண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிவந்து, ஒரு சிறு தாளை என்முன் நீட்டினாள். “மாதம் ஓர் ஓவியம் தபாலில் அனுப்பப்படும். சந்தா சேருவோர் பெயரும் முகவரியும் தருக” என்று அதில் எழுதியிருந்தது. முதற் சந்தாதாரனாக என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகே இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அஞ்சல்வழி ஓவியச் சந்தா என்பது யாது? ஓர் ஓவியர் தம் படைப்பின் அச்சுப்படியையோ, அஞ்சலட்டையளவான மூல ஓவியத்தையோ மாதந்தோறும் உறையிலிட்டு அனுப்புகின்றார். பெறுவோர் மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு குறித்த தொகையைச் செலுத்துகின்றனர். ஓவியக் காட்சியிலே ஒரு படம் விற்றால் அன்று பணம் வரும்; அடுத்த படம் எப்போது விற்கும் என்பதை எவரும் அறியார். சந்தாவிலோ ஒவ்வொரு தொகையும் சிறிது. ஆனால் அடுத்த மாதமும் அது வரும் என்ற நிச்சயம் உண்டு. அரிசியும் மாவும் மாதந்தோறும் வாங்கவேண்டிய வீட்டிலே இந்நிச்சயத்தின் மதிப்பு பெரிது.

இது மேல்நாட்டார் இன்று கண்ட புதுமையோ எனின், அன்று. தமிழிலேயே இதற்கு முன்னோடி உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பொருள் வேண்டியிருந்தது. நூல் வெளிவந்தால் வாங்குவோம் என்று முன்னதாக ஒப்புக்கொண்டவர்களிடம் அவர் கையொப்பம் சேர்த்தார். ஒரு பெருஞ்செல்வரை மட்டும் நம்பியிராமல், பலருடைய சிறு உறுதிகளைத் திரட்டிப் பெருங்காரியம் முடிக்கும் வழி அது. சந்தா என்பதன் உயிர்நிலையும் இதுவேயாம்.

ஓவியத் துறையிலே இவ்வழியைத் திறம்படக் கையாண்டவருள் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹோகார்த். 1732 ஆம் ஆண்டில் ஆறு செப்புத்தகட்டுச் சித்திரங்களைக் கொண்ட தொடரொன்றை ஒரு கினி விலைக்குச் சந்தாதாரர்களுக்கு வழங்கினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். முன்பணம் கட்டியவருக்கு அவர் கொடுத்த பற்றுச்சீட்டே ஒரு சிறு செதுக்குச் சித்திரமாக இருந்தது. காத்திருப்பவரின் கையும் வெறுங்கையாக இருத்தலாகாது என்று கருதினார் போலும். அப்படங்களைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுத்து மலிவாக விற்கவே, ஹோகார்த் தம்மைப் போன்றோருடன் சேர்ந்து பாராளுமன்றத்தை அணுகினார். 1735 ஆம் ஆண்டிலே செதுக்குச் சித்திரங்களுக்குப் பதினான்கு ஆண்டு உரிமை அளிக்கும் சட்டம் பிறந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை தம் அடுத்த தொடரை வெளியிடாது அவர் நிறுத்திவைத்திருந்தார். இந்நாளில் எங்கள் நாட்டிலே 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியருக்கு அவர் ஆயுட்காலமும் அதன் பின்னர் எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை வழங்குகின்றது. ஒரு படத்தின் படியை விற்பதனால், அப்படத்தை மீண்டும் அச்சிடும் உரிமை வாங்கியவருக்குச் சென்றுவிடுவதில்லை. இதனை ஒவ்வோர் இளம் ஓவியரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஹோகார்த்தினும் நீண்ட பயணம் மேற்கொண்டவர் ஜோன் ஜேம்ஸ் ஓடுபன். வாணிகத்தில் நொடித்து, 1819 ஆம் ஆண்டிலே கடனுக்காகச் சிறைப்பட்டவர். அமெரிக்கப் பறவைகளை இயல்பான அளவிலேயே வரைந்தார். அவற்றை வெளியிட அங்கே ஒருவரும் கிடையாமையால் 1826 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1827 முதல் 1838 வரை அவருடைய ஓவியங்கள் பகுதி பகுதியாக வெளிவந்தன. பகுதி ஒன்றுக்கு ஐந்து படங்களாக 87 பகுதிகள். ஆக 435 படங்கள். பகுதி ஒன்றின் விலை இரண்டு கினி. ஒவ்வொரு படமும் செப்புத்தகட்டில் அச்சாகிக் கையால் வண்ணந் தீட்டப்பெற்றது.

அவர் பகுதிகளை அமைத்த முறை கருதத்தக்கது. ஐந்து படங்களில் ஒன்று பெரிய பறவை, ஒன்று நடுத்தரமானது, எஞ்சிய மூன்றும் சிறியன. பெரிய படங்களை எல்லாம் முதலிலே கொடுத்துவிட்டுப் பிற்பாடு சிறியனவற்றை அனுப்பியிருந்தால் சந்தாதாரர் சலித்திருப்பர். எப்பகுதியைப் பிரித்தாலும் ஒரு வியப்பு இருக்குமாறு பார்த்துக்கொண்டார். அவ்வாறிருந்தும் இடையிலே விலகியவர் பலர். நிலுவையைத் தண்டவும் புதியவரைச் சேர்க்கவும் ஊர் ஊராக அலைந்தார். முடிவிலே முழுத்தொகுதியாக நிறைவெய்தியவை இருநூறுக்கும் குறைவு என்பர். அவர் அடிமைகளை விலைகொடுத்து வைத்திருந்தவர் என்ற களங்கத்தையும் மறைத்தல் தகாது. தோட்டத் தொழிலாளரின் வழிவந்த நாம் அதனை மறக்கவும் இயலாது. அவரிடம் கற்கவேண்டியது, பதினோராண்டுக் காலம் பகுதிகளை விடாது வெளியிட்ட ஒழுங்கேயாகும்.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. இளம்பிள்ளை வாதத்தாற் கைகளின் இயக்கத்தை இழந்து, வாயிலே தூரிகையைக் கவ்வி வரைந்த ஜெர்மானியர் ஏரிக் ஸ்டெக்மன். அவர் 1950களில் தம்போன்ற ஓவியர்களைக் கூட்டி லீக்டன்ஸ்டைன் நாட்டில் ஒரு சங்கம் நிறுவினார். வாயாலும் காலாலும் வரைவோரின் ஓவியங்கள் வாழ்த்தட்டைகளாகவும் நாட்காட்டிகளாகவும் அச்சாகி அஞ்சல் மூலம் வீடுகளுக்குச் செல்கின்றன. அந்த வருவாயிலிருந்து உறுப்பினர்களுக்கு ஒழுங்கான ஊதியம் கிடைக்கின்றது. உடல்நலங் குன்றி வரைய இயலாத நிலை வந்தாலும் முழு உறுப்பினருக்கு அது தொடர்கின்றது. இந்தியாவிலும் இதன் கிளை இயங்குகின்றது. இரக்கத்தை வேண்டாது, வேலைக்கு உரிய விலையை வேண்டுவதே இவர்தம் கொள்கை.

இனி, இக்காலத்தில் இணையத்தின் வழியாகச் சந்தாதாரரைச் சேர்ப்பது எளிதாகியுள்ளது. 2013 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கிய பேட்ரியன் போன்ற நிறுவனங்கள் சந்தாவைத் தண்டி, தம் பங்கைக் கழித்துக்கொண்டு கலைஞருக்கு அனுப்புகின்றன. ஆயின் அப்பணம் தம் வங்கிக் கணக்கை வந்தடையுமா, எவ்வளவு கழிவு போகும் என்பனவற்றைத் தொடங்கும் முன்னரே வங்கியிற் கேட்டு அறிதல் வேண்டும்.

அடுத்துக் கணக்கைப் பார்ப்போம். விலைகள் மாறுவன, ஆதலால் நான் கூறும் தொகைகளை விளக்கத்துக்காக மட்டுமே கொள்க. மாதச் சந்தா 1,000 ரூபா என வைத்துக்கொள்வோம். தாளுக்கும் அச்சுக்கும் 250 ரூபா, உறைக்கும் காப்பு அட்டைக்கும் 100 ரூபா, முத்திரைக்கு 150 ரூபா, பழுதுற்றால் மீண்டும் அனுப்புவதற்கான ஒதுக்கு 50 ரூபா. ஆக 550 ரூபா செலவு. எஞ்சுவது 450 ரூபா. முப்பது சந்தாதாரர் இருந்தால் கையில் நிற்பது 13,500 ரூபா. நூறு பேராயின் 45,000 ரூபா. முதலிலே செலவைக் கணக்கிட்டுப் பிறகே சந்தாவை நிர்ணயிக்கவேண்டும். என் மாணவி முதலிற் சந்தாவை நிர்ணயித்துவிட்டுப் பின்னர் முத்திரையின் விலையைக் கேட்டாள்; மூன்று மாதம் கைந்நட்டப்பட்டாள்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு சிறு மூல ஓவியத்துக்கு இரண்டு மணி நேரம் சென்றால், நூறு பேருக்கு இருநூறு மணி நேரம் வேண்டும். ஒரு மாதத்தில் இது இயலுவதன்று. ஆகவே லினோலியத் தகட்டைச் செதுக்கி மை தடவிக் கையாலே அச்செடுக்கும் முறை நன்று. ஒரு தகட்டிலிருந்து நூறு படிகள் பெறலாம். ஒவ்வொன்றும் கலைஞரின் கை பட்டதாகவும் இருக்கும்.

மூன்றாவது, விலகுவோர் கணக்கு. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நூறு சந்தாதாரருள் மாதந்தோறும் நூற்றுக்கு ஐவர் விலகினால், புதியவர் எவரும் சேராதவிடத்து ஓராண்டு முடிவில் எஞ்சுவோர் ஏறக்குறைய ஐம்பத்து நால்வர். நூற்றுக்கு இருவரே விலகினால் எஞ்சுவோர் எழுபத்தெண்மர். ஆகவே புதியவரைத் தேடி ஓடுவதைவிட, உள்ளவர் மனங் கோணாது காத்தல் பெரிது. அவர்களைக் காப்பது எது? குறித்த நாளில் உறை வந்து சேர்வதேயாகும். மிகச் சிறந்த ஓவியம் இரண்டு மாதம் பிந்தி வருவதிலும், நல்ல ஓவியம் உரிய நாளில் வருவது மேல்.

ஆண்டுச் சந்தாவை முன்னதாகப் பெறுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டு மாதப் பணம் ஒரே நாளிற் கைக்கு வரும். ஆனால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கே அம்மாதத்துக்கு உரியது. எஞ்சிய பதினொரு பங்கும் கடன். அதனை வேறாக வைத்து மாதம் ஒரு பங்காக எடுத்தல் வேண்டும். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அதனைச் செலவிட்டவர், வருடக் கடைசியிலே முத்திரைக்கும் வழியின்றித் தவிப்பர்.

மலைநாட்டுக்கே உரிய இடர் ஈரம். வடகீழ்ப் பருவமழை காலத்திலே எங்கள் பக்கத்துக் காம்பராக்களில் உடுப்பும் உலராது. தாள் பூஞ்சணம் பிடிக்கும். அமிலம் நீக்கிய தாளையே வாங்கி, மூடியிட்ட தகரப்பெட்டியில் ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் வைக்கவேண்டும். அச்சு மை நன்கு காய்ந்த பின்னரே உறையிலிட வேண்டும். படத்தை ஒளி ஊடுருவும் உறையிலிட்டு, பின்புறம் கெட்டி அட்டை வைத்து, அதற்கு மேல் தாளுறை இடுதல் நன்று. மண்சரிவாற் பாதை தடைப்படும் மாதங்களை நினைவிற்கொண்டு ஒரு வாரம் முந்தியே அனுப்புதல் வேண்டும். கடல் கடந்து செல்லும் உறையில் விற்பனைப் பொருள் இருப்பின் சுங்க அறிவிப்புச் சீட்டையும் ஒட்டுதல் வேண்டும். ஒரு மாரிக்காலத்தில் என் மாணவி அனுப்பிய படங்களுள் இரண்டு நனைந்து போயின. அவள் யாரையும் குறை கூறவில்லை. ஒதுக்கிவைத்த பணத்தை எடுத்து இரண்டையும் மீண்டும் அனுப்பினாள். அவ்விருவரும் இன்றுவரை விலகவில்லை.

இனி முகவரிப் பிரச்சினை. அனுப்புவது எளிது, திரும்பி வரும் கடிதத்தை எங்கே பெறுவது? சந்தாதாரர் எழுதும் கடிதமும், முகவரி மாறியதனால் திரும்பி வரும் உறையும் அவள் கைக்கே வரவேண்டும். அவள் கடைவீதியிலே மாமன் முறையான ஒருவரின் பலசரக்குக் கடை முகவரியைப் பயன்படுத்துகின்றாள். பெரிய தபாற் கந்தோர்களில் தனித் தபாற்பெட்டி வாடகைக்குப் பெறுதலும் ஒரு வழி. ஆயினும் நேயர்களே, இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளில் வாழ்ந்துவரும் மக்களுள் ஒருத்தி, தன் பெயருக்கு வரும் கடிதத்தைப் பிறர் கடை முகவரியிற் பெறவேண்டியிருப்பது சிறிய குறையன்று. வீட்டுக்கு ஓர் இலக்கம் வேண்டும் என்ற கோரிக்கையைத் தபால்காரருக்கு வசதி செய்யும் காரியம் என்று மட்டும் கருதற்க. கல்வியும் தொழிலும் கலையும் அந்த இலக்கத்தைத் தேடியே வருகின்றன.

எதை வரைவது என்பதும் ஒரு கேள்வி. தொடக்கத்தில் அவள் ஒன்பது வளைவுப் பாலத்தையே வரைந்தாள். சுற்றுலாப் பயணிகள் விரும்புவது அதுவே என்று பலர் சொன்னார்கள். நான்காம் மாதத்தில் வேறு பாலம் இல்லாமையால் வேறு பொருளை நாடினாள். விடியற்காலைப் பெரட்டு, கொழுந்து நிறுவை, பிள்ளைக் காம்பராவின் வாசலில் வரிசையாகக் கிடக்கும் சிறு செருப்புகள் ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. மாதந்தோறும் ஒன்று தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம், அருகிலே இருந்தும் காணாதவற்றைக் காணச் செய்தது.

தாயின் முகத்தை வரைய எண்ணியபோது, “அம்மா, ஒங்க முகத்தைப் படமாக்கி விக்கலாமா?” என்று அவள் கேட்டாளாம். தாய், “இதுக்கு முன்ன எத்தனையோ பேரு போட்டோ புடிச்சிக்கிட்டுப் போனாங்க. ஒருத்தரும் கேக்கலியே” என்றாராம். கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்கள் உலகெங்கும் தேயிலைப் பெட்டிகளில் விற்பனையாகின்றன. அவர்களிடம் இசைவு கேட்போர் அரியர். அந்த மாத ஓவியத்தின் பின்புறத்தில், தாயின் இசைவோடு வரையப்பட்டது என்று இரண்டு வரி எழுதி அனுப்பினாள். அந்த மாதத்தில் புதிதாக நால்வர் சேர்ந்தனர்.

இப்பொழுது அவளுக்கு நாற்பத்தொரு சந்தாதாரர் உளர். முழு வாழ்க்கைக்கும் இது போதாது. பிற்பகல்களிற் சிறுவருக்கு மாலை வகுப்பு நடத்துகின்றாள். நூறு பேர் சேர்ந்தால் அதனைக் குறைத்துக்கொள்ளலாம் என்கின்றாள். சேராது போகவும் கூடும். இவ்வழி எல்லாரையும் செல்வராக்கும் என்று நான் கூறமாட்டேன். ஆனால் “முடியாது” என்று அன்று நான் கூறிய விடை பிழை என்பதை ஒப்புக்கொள்ளவே இங்கு வந்தேன்.

ஆசிரியரும் பெற்றோரும் ஆகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை படம் வரைந்து பிழைக்க முடியுமா என்று கேட்டால், உடனே விடை கூறற்க. தாளும் பென்சிலும் எடுத்துச் செலவும் வரவும் விலகுவோர் தொகையும் எழுதிக் கணக்கிட்டுப் பாருங்கள். அவ்வாறு கணக்கிட்டபின் கூறும் விடை எதுவாயினும் அது அப்பிள்ளைக்கு உதவும். இயன்றவர்கள், அறிந்த ஓவியர் ஒருவருக்குச் சந்தாதாரராகுங்கள். சேர்ந்தால் ஓராண்டேனும் விலகாதிருங்கள்.

எங்கள் பாடசாலைச் சுவரில் முன்னர் பழைய நாட்காட்டிப் படங்களே தொங்கின. இன்று அவ்விடத்தில் அவளுடைய பதினான்கு ஓவியங்கள் இருக்கின்றன. பதினைந்தாவது இவ்வாரம் வரவேண்டும்.